நாலு மணி லோடு

இரண்டு மணி ஐந்து நிமிடம். கோகிலா கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். செருப்புச் சத்தம் சந்து முனை வரைக்கும் கேட்டது, அப்புறம் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் அதை விழுங்கிவிட்டது. கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிற வேலை என் பெண்டாட்டிக்கு, இனி ஏழு மணிக்குத்தான் வருவாள். நாலு மணிக்கு, என்னிடம் வண்டி பழகின சீரங்கன் பைபாஸில் லாரியை நிறுத்தி ஹாரன் அடிப்பான். ஜவ்வரிசி லோடு, இந்தூருக்கு. நான் போய் இரண்டாவது டிரைவராக ஏறிக்கொள்ள வேண்டும், அதுதான் பேச்சு. காலையில் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது போனில் பேசி முடித்தேன், போர்வைக்குள் வாயை வைத்துக்கொண்டு, நாற்பத்து நாலு வயதில் திருட்டு பீடி குடிக்கிற பயல் மாதிரி. "டாக்டரு ஒத்துக்கிட்டாருங்ளாண்ணா?" என்று கேட்டான். "ஒத்துக்கிட்டாரு, நீ வண்டியக் கொண்டா" என்றேன். எந்த டாக்டர் ஒத்துக்கொள்வார்? முதுகெலும்பில் டி.பி. நடு முதுகில் இரண்டு எலும்பு கரையான் தின்ற கட்டை மாதிரி அரித்துப்போய் நிற்கிறது, படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், நானே பார்த்தேன். பெல்ட் போட்டுக்கொண்டு பாத்ரூம் போகலாம். சாப்பிடுகிறபோது கால் மணி நேரம் சாய்ந்து உட்காரலாம். மற்ற நேரமெல்லாம் கட்டில். மாத்திரை பதினெட்டு மாதம். அதில் இன்றைக்கு ஐம்பத்திரண்டாவது நாள். ஐம்பத்திரண்டு நாளில் இந்தூருக்கு ஐந்து தடவை போய்த் திரும்பியிருப்பேன். நான் கட்டிலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போயிருக்கிறேன். கட்டை விரலை ஆட்டிப் பார்த்தேன். ஆடியது. வலது சரி. இடது, ஆடியது, கொஞ்சம் தாமதமாக ஆடியதோ? மறுபடி ஆட்டினேன். தாமதமா, என் நினைப்பா? ஒரு நாளைக்கு நூறு தடவை இந்த விரல்களைக் கூப்பிடுகிறேன். ஒரு நாள் கூப்பிட்டு அது வராது, அந்த நாள் எது என்று தெரியாது, அது இன்றைக்காகக்கூட இருக்கலாம், லாரிப் படியில் கால் வைக்கிற நேரமாகக்கூட இருக்கலாம்.

பொறுமையா இருங்க. எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். டாக்டர் சொன்னார், ஊசி போடுகிற நர்ஸ் சொன்னாள், பார்க்க வந்த பங்காளி வாசல்படியிலேயே நின்று, மூச்சைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, அதையே சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் போனான். இந்த டி.பி. ஒட்டாதுடா, எலும்புக்குள் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவன் சந்து திரும்பியாயிற்று. பொறுத்தார் பூமி ஆள்வார். எனக்கு பூமியெல்லாம் வேண்டாம், சங்ககிரி வரைக்கும் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் போதும். பொறுமை என்றால் என்ன என்று இவர்களில் யாருக்காவது தெரியுமா? கெடையில் கிடக்கிறவனுக்கு வலி இருந்தால்கூடப் பரவாயில்லை, வலி ஒரு துணை, அதோடு சண்டை போடலாம், அதைத் திட்டலாம். எனக்கு இப்போது வலி பாதி குறைந்துவிட்டது. பலம் மட்டும் இல்லை. தண்ணீர்ச் சொம்பைத் தூக்க இரண்டு கை வேண்டியிருக்கிறது. சோற்றை மென்று முடிப்பதற்குள் தாடை களைத்துப்போகிறது. தூங்கி எழுந்தால் தூங்கியதற்கே களைப்பு. பதினாறு டன் லோடை நாக்பூர் வெயிலில் பதினெட்டு மணி நேரம் இழுத்தவன், ஒரு காலை நீட்ட யோசிக்கிறேன். பகலில் படுத்திருக்கிறவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. மாமனார் மதியம் கண்ணை மூடினால் வேண்டுமென்றே டம்ளரை உருட்டுவேன். இப்போது யார் வந்து டம்ளரை உருட்டப்போகிறார்கள்? ஒரு சந்தேகம் வேறு வருகிறது, யாரிடமும் சொல்ல முடியாத சந்தேகம். வியாதி எப்போதோ போய்விட்டது, இது வெறும் சோம்பேறித்தனம், சோம்பேறித்தனம் ருசி கண்டுவிட்டது, அதுதான் எழ விடவில்லை என்று. அப்படி நினைத்ததும் ஆத்திரத்தில் ஒரு முழங்கையை ஊன்றி எழப் பார்ப்பேன், முதுகுக்கு நடுவில் ஒரு கொக்கி மாட்டி இழுக்கும், சரி, வியாதிதான் என்று படுத்துக்கொள்வேன். கொக்கி மாட்டினால் ஒரு நிம்மதி. இதைவிடக் கேவலம் உண்டா?

மணி இரண்டரை ஆகவில்லை. இந்தக் கடிகாரத்தில் முள் நகருவதே இல்லை, பல்லி வந்து தள்ளினால்தான் உண்டு. தறி ஓடிக்கொண்டே இருக்கிறது, டக் டடக், டக் டடக், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பிழைக்கிறார்கள். நான் இதையெல்லாம் ஒரு தடவை கடந்து வந்தவன். அதைத்தான் தாங்க முடியவில்லை. முதல் தடவை மாத்திரை ஆரம்பித்தபோது மூன்றே மாதத்தில் உடம்பு தேறியது. பசி வந்தது. நாலு கிலோ ஏறினேன். முதுகைத் தொட்டுப் பார்த்தால்தான் முதுகு இருக்கிறது என்ற நினைப்பே வரும். நல்லாத்தானே இருக்கிறோம், இன்னும் எதற்கு இந்தச் சனியன், விழுங்கினால் வயிற்றைப் புரட்டுகிறது, மூத்திரம் செங்கல் கரைத்த மாதிரி போகிறது, வண்டி ஓட்டுகிறவன் வயிற்றைப் புரட்டிக்கொண்டு எப்படி ஓட்டுவது? லோடு ஏறினேன். இரண்டு மாத மாத்திரையையும் வாங்கிக்கொண்டுதான் ஏறினேன், டாஷ்போர்டுக்குள் வைத்தேன், அது பாட்டுக்கு அங்கே வெயிலில் வெந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு கோகிலா போன் செய்வாள். "ஏனுங்க, மாத்தரை முழுங்கீட்டீங்களா?" "முழுங்கியாச்சு." தீர்ந்துபோயிருக்கும் என்று கணக்குப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் இன்னும் இரண்டு மாதத்துக்கு வாங்கி வைத்தாள், வந்து எடுத்துக்கொண்டேன், அதுவும் டாஷ்போர்டுக்குப் போயிற்று. நாலு மாதம், தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு பொய். நாக்பூர் தாண்டி ஒரு தாபாவில் வண்டியிலிருந்து இறங்கினேன். இடது கால் படியைத் தேடியது, படி இருந்தது, கால் இல்லை. இருந்தது, ஆனால் என்னுடையது இல்லை. மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் தண்ணி போட்டிருக்கிறான் என்று சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? டாக்டர் திட்டவே இல்லை. "மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்" என்றார், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

இது எனக்குத் தெரியாததும் இல்லை, அதுதான் எரிகிறது. மலைப் பாதைக்கு டிரைவர்கள் ஒரு சட்டம் வைத்திருக்கிறோம், எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரிலேயே இறங்கு. ஏறும்போது யாரும் தப்புப் பண்ணுவதில்லை, வண்டியே விடாது. இறக்கத்தில்தான் புத்தி பேசும். தானாகப் போகிறதே, எதற்கு இன்ஜினை முக்க வைக்கிறாய், நியூட்ரலில் போடு, டீசல் மிச்சம், வீட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போகலாம். தொப்பூர் கணவாயில் ஒரு தடவை நானும் போட்டேன். தர்மபுரியிலிருந்து இறங்கி வருகிறேன், முக்கால்வாசி முடிந்தது, கீழே சமதளம் தெரிகிறது, இனி என்ன என்று ஒரு தட்டுத் தட்டினேன், நியூட்ரல் விழுந்தது. அந்த அரை நிமிட சுகம் இருக்கிறதே! இன்ஜின் சத்தம் அடங்கி, காற்று மட்டும் வந்து, பதினாறு டன்னும் பஞ்சாகப் போகிறது. அப்புறம் பிரேக்கை மிதித்தேன், நாற்றம் வந்தது, மறுபடி மிதித்தேன், வெறும் நாற்றம் மட்டும் வந்தது. மலைப் பக்கத்துப் பாறையில் உரசி உரசித்தான் நிறுத்தினேன், ஒரு பக்கம் முழுக்கத் தகரம் உரிந்துபோயிற்று. அன்றைக்கு மண்டையில் அடித்துக்கொண்டு சத்தியம் பண்ணினேன், இனிமேல் செத்தாலும் நியூட்ரல் இல்லை என்று. வண்டியில் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். உடம்பில் போட்டுவிட்டேன் நியூட்ரலை. இதைப் புரிந்துகொண்டு என்ன பிரயோசனம்? புரிந்துகொண்டவனுக்கு ஒரு மாத்திரை குறைத்துக் கொடுப்பார்களா? புரிந்துகொண்டுதான் காலையில் சீரங்கனிடம் வர்றேன் என்று சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், செருப்பு கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, குனிய முடியாது.

கரண்ட் போயிற்று. தறி நின்றது, ஃபேன் நாலு சுற்று சுற்றி ஓய்ந்தது. அமைதி என்றால் இப்படியா இருக்கும்? காதுக்குள் என் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கிறது. மணி மூன்று ஐந்து. வேர்வை பெல்ட்டுக்குள் இறங்குகிறது, அங்கே அரிக்கிறது, விரலை நுழைக்க இடமில்லை. பயமாக இருக்கிறது. சொல்லிவிடுகிறேன், யாரும் இல்லையே, பயமாக இருக்கிறது. சாவதற்கு இல்லை. இதே மாதிரி சாகாமல் கிடப்பதற்கு. பதினெட்டு மாதம் முடிந்து எழுந்து நிற்கும்போது நிற்கிறவன் யாராக இருப்பான்? ஸ்டியரிங் பிடிக்கிற கை இருக்குமா, இல்லை கோகிலாவுக்குப் பின்னால் பை தூக்கிக்கொண்டு போகிற ஆளாக இருப்பேனா? அவளுக்குத் தெரியாதா என்ன, இப்போதே அவள் என்னைச் சின்னப் பிள்ளையாகத்தான் வைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளிலிருந்து மாத்திரையை என் உள்ளங்கையில் வைப்பாள், தண்ணீர் கொடுப்பாள், நின்று பார்ப்பாள். "வாயத் தொறங்க." திறப்பேன். "நாக்கத் தூக்குங்க." தூக்குவேன். முதல் நாள் கோபத்தில் டம்ளரைச் சுவரில் வீசினேன். அவள் டம்ளரை எடுத்து வைத்துவிட்டு, "நாலு மாசம் உங்க வார்த்தையத்தான் நம்புனேன்" என்றாள். அதிலிருந்து தினமும் திறக்கிறேன். ஐம்பத்தோரு நாள் திறந்தேன். இன்றைக்குக் காலையில் மாத்திரையைக் கொடுத்தாள், நான் விழுங்கிவிட்டு வழக்கம்போல வாயைத் திறந்தேன், அவள் பார்க்கவே இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். "ஏய், வாயப் பாக்கல" என்றேன். அடுப்படியிலிருந்து, "போதும், மூடுங்க, ஈ போயிரும்" என்றாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன், முகம் தெரியவில்லை. அப்புறம் குளிக்கப் போனாள். அவள் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தத்தில்தான் நான் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு சீரங்கனிடம் பேசினேன். அதே காலையில். வேறு ஒரு நாளும் கிடைக்கவில்லை எனக்கு.

எழுந்தேன். அப்படிச் சொன்னால் ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. முதலில் முழுசாகப் பக்கவாட்டில் திரும்பினேன், தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும், முறுக்கக் கூடாது. முழங்காலை மடக்கினேன். காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டேன். முழங்கையை ஊன்றித் தள்ளினேன். உட்கார்ந்ததும் அறை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அது நிமிருகிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டேன். மணி மூன்று இருபது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொடியில் காக்கிச் சட்டை தொங்கியது, கோகிலா துவைத்துத் தேய்த்து மடிக்காமல் தொங்கவிட்டிருக்கிறாள், எதற்காகவோ. ஒரு கையை நுழைத்தேன், இளைத்துவிட்டேன், கை உள்ளே தொலைந்துபோயிற்று. இன்னொரு கையை நுழைக்கச் சட்டையைத் துரத்திக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது. பட்டன் ஐந்து. ஐந்தாவது பட்டனில் மூச்சு முட்டியது, லோடு ஏற்றியவன் மாதிரி கட்டிலில் உட்கார்ந்தேன். மூன்றே முக்கால். கதவு நாலு அடியில் இருக்கிறது. கதவிலிருந்து சந்து முனை அறுபது அடி. முனையிலிருந்து பைபாஸ், வண்டியில் போனால் கண் மூடித் திறப்பதற்குள், நடந்தால் எவ்வளவு? நடந்ததே இல்லையே. அப்புறம் கேபின் படி. முதல் படி முழங்கால் உயரம். அதில் எந்தக் காலை வைப்பது? வலதை வைத்தால் உடம்பு முழுக்க இடது காலில் நிற்கும். இடதை வைத்தால் அது வைக்கப்பட்டிருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். சரி, ஏறிவிட்டேன் என்று வைத்துக்கொள்வோம், ஏறுகிறேன், உட்காருகிறேன், கிருஷ்ணகிரி தாண்டிப் போகிறேன், விடிந்து காலை ஏழு மணிக்கு போன் அடிக்கும். என்ன சொல்வேன்? இல்லை, அவள் போன் செய்யவே மாட்டாள். அதுதான். அந்த போன் வராது. ஏழு மணி ஆகும், ஏழு ஐந்து ஆகும், வராது. அவள் கட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஈ போயிரும் என்று சொன்னது ஞாபகம் வரும் அவளுக்கு. ஐயோ, அதை நினைத்து அவள் வெட்கப்படுவாளே! என்னை நம்பியதற்கு வெட்கப்படுவாளே! எனக்கு அழுகை வந்தது, இந்தச் சட்டைக்குள் உட்கார்ந்துகொண்டு அழுதேன், முதுகு குலுங்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். கட்டை விரலை ஆட்டினேன். இரண்டும் ஆடின. இன்றைக்கு ஆடுகிறது. நாளைக்கு ஆட வேண்டுமென்றால் இன்றைக்கு நான் போகக் கூடாது, இவ்வளவுதான் விஷயம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற விஷயம், இதற்கு ஒரு பகல் முழுக்க ஆயிற்று எனக்கு.

ஹாரன் அடித்தது. இரண்டு நீளம், ஒரு குட்டை, நான் அடிக்கிற மாதிரியே. எழுந்துவிட்டேன். நிஜமாகவே எழுந்துவிட்டேன், சுவரைப் பிடிக்காமல். கதவுக்கு நாலு அடி, அதில் இரண்டு அடி போய்விட்டேன். கால்தான் போனது, நான் போகவில்லை. அங்கேயே நின்று போனை எடுத்து அடித்தேன். "அண்ணா, பைபாஸ்ல நிக்கறனுங்" என்றான் சீரங்கன். "சீரங்கா, நான் வரலடா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொன்னேன். "வரல. டாக்டர்கிட்ட நான் கேக்கவே இல்ல. காத்தால உன்கிட்டச் சொன்னது பொய்யி." அவன், "அப்பாடா" என்றான். வாய்தவறி வந்துவிட்டது அவனுக்கு. "காத்தாலருந்து இதே யோசனைதானுங்ணா, உங்களப் போயி எப்படி வேண்டாங்கறதுன்னு..." அவனுக்குப் பக்கத்தில் இன்னொரு குரல் கேட்டது. "என்னடா, கெளம்பலாமா, வெயில் தாழ்றதுக்குள்ள சேலம் தாண்டோணும்." கேபினுக்குள்ளிருந்து வந்த குரல். "யார்ரா அது?" என்றேன். "நம்ம குமாரபாளையம் சண்முகவேலுங்ணா. ரெண்டாவது டிரைவருக்கு." "அப்ப என்னை?" "உங்கள வந்து பாத்து, கால்ல விழுந்தாவது சொல்லிட்டுப் போலாம்னுதாங் நிறுத்துனேன். ஏத்தியிருக்க மாட்டனுங்ணா. தப்பா நெனச்சுக்காதீங்."

தப்பாகத்தான் நினைத்தேன். போனை வைத்த பிறகு அவனை என்னவெல்லாமோ திட்டினேன், என்னிடம் வண்டி பழகினவன், என் சீட்டில் எவனையோ உட்கார வைத்துவிட்டு என் மாதிரியே ஹாரன் அடிக்கிறான். காலையிலிருந்து நான் செத்துப் பிழைத்த இந்த விஷயம் அவர்கள் எப்போதோ முடித்து வைத்த விஷயம். நான் போகிறேனா இல்லையா என்று என்னைத் தவிர யாருமே யோசித்துக்கொண்டிருக்கவில்லை. லாரி கிளம்பியது. ஒன்று, இரண்டு, மூன்றுக்கு மாற்றுகிறான், கொஞ்சம் சீக்கிரம் மாற்றிவிட்டான், இன்ஜின் முனகியது, அப்புறம் சரியாயிற்று, அப்புறம் கேட்கவில்லை. கரண்ட் வந்து தறிகள் ஒவ்வொன்றாக ஆரம்பித்தன. நடு அறையில் நின்றுகொண்டிருந்தேன். ஆனால் நான்தான் முதலில் சொன்னேன். அந்தக் குரலைக் கேட்பதற்கு முன்னால், அவன் அப்பாடா என்பதற்கு முன்னால், வரல என்று என் வாயால் நானே சொன்னேன். இதற்குச் சாட்சி யாரும் இல்லை. நாளைக்கு இன்னொரு ஹாரன் கேட்டால் நாளைக்கும் சொல்ல வேண்டும், இன்னும் பதினாறு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அதற்கு மேல் நினைக்கவில்லை. கட்டிலுக்கு வந்தேன். உட்கார்ந்து பட்டனைக் கழற்றப் பார்த்தேன். மேல் பட்டன் ஒன்று வந்தது. மற்ற நாலும் வரவில்லை, கை வலுவில்லாமல் மடியில் விழுந்துவிட்டது. முழங்கையை ஊன்றி, முறுக்காமல், காக்கிச் சட்டையோடே சரிந்து படுத்தேன். ஏழு மணிக்கு கோகிலா வந்து விளக்கைப் போட்டதும் முதலில் இந்தச் சட்டையைத்தான் பார்ப்பாள். பார்க்கட்டும்.